குழிவும் குவிவும்: ஒரு கலைச்சொல் இணை பற்றிய மறுநோக்கு

கலைச்சொல்லாக்கம் பற்றித் தமிழில் எழுதப்பெற்றவை பெரும்பாலும் கொள்கை பற்றியனவாகவே அமைந்துள்ளன. வடசொல்லை ஏற்கலாமா, ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்துக் கொள்ளலாமா, வழக்கிறந்த பழஞ்சொல்லை மீட்டெடுக்கலாமா என்னும் வினாக்களே திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டுள்ளன. இவ்விவாதத்தின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஆக்கப்பட்ட ஒரு சொல் பாடநூலில் ஏறி, வகுப்பறையில் வழங்கி, பரீட்சை விடைத்தாளை அடையும்வரை அதற்கு யாது நேர்ந்தது என்பது அத்துணை ஊன்றி ஆராயப்படவில்லை. சொல்லின் தகுதியை அதன் குலத்தைக் கொண்டு அளந்த அளவுக்கு அதன் தொழிலைக் கொண்டு நாம் அளந்தோமல்லேம். அத்தகைய அளவீட்டுக்கு ஒரேயொரு சொல்லை எடுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சொல் ‘குழிவு’. உட்புறமாக வளைந்த வடிவத்தைக் குறிக்க எமது பௌதிகவியல், கணிதம், புவியியல், பொருளியல் நூல்கள் யாவும் ஆளும் சொல் அது. அதன் இணையான ‘குவிவு’ என்பதையும் உடன்வைத்தே நோக்க வேண்டியுள்ளது. ஏனெனில், குழிவின் மீது சுமத்தப்படும் குற்றம் பெரும்பாலும் அதன் இணைக்கே உரியது என்பது எமது முடிபு.

பௌதிகவியல் வகுப்பிலே ஒளி பற்றிய பாடத்தில் மாணவர் மனனஞ்செய்யும் செய்திகள் நான்கு உள. குழிவாடி சமாந்தரக் கதிர்களைக் குவிக்கும். குவிவாடி அவற்றை விரிக்கும். குவிவு வில்லை குவிக்கும். குழிவு வில்லை விரிக்கும். இவை நான்கும் உண்மை. ஆனால் இவற்றை முதன்முறை கேட்கும் மாணவனின் நிலையில் நின்று பார்த்தல் வேண்டும். ‘குவி’ என்னும் அடியைத் தன் பெயரிலேயே கொண்ட ஆடி கதிர்களைக் குவிப்பதில்லை. அவ்வடி இல்லாத ஆடியே குவிக்கிறது. வில்லைக்கு வந்தவுடன் இம்முறை தலைகீழாகிறது. பௌதிகவியலில் இங்கு எவ்வித முரண்பாடும் இல்லை. தெறிப்பும் முறிவும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஒரே வடிவம் இரண்டிலும் வெவ்வேறு விளைவைத் தருவது இயல்பே. முரண்பாடு சொல்லில் உள்ளது. மாணவனோ அதனை விஞ்ஞானத்தின் முரண்பாடாகவோ தன் அறிவின் குறையாகவோ எண்ணிக்கொள்கிறான்.

1

முதலில் சொற்களின் பொருளை நோக்குவோம். குழிதல் என்பது தன்வினை, குழித்தல் பிறவினை. கண் குழிந்தது என்கிறோம். நிலத்தைக் குழித்தான் என்கிறோம். குழி என்னும் பெயர் தோண்டப்பட்ட அல்லது தாழ்ந்த இடமாகிய பொருளைக் குறிக்கும். குழிவு என்பதோ சரிவு, வளைவு, நெளிவு என்பவற்றைப் போலத் தன்வினையடியாகப் பிறந்து ஒரு தன்மையைக் குறிக்கும் பெயர். இவ்வேறுபாடு சிறிதன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குழியாடி, குழிலென்சு என்னும் வடிவங்களைக் கையாண்டுள்ளன. எமது நூல்கள் குழிவாடி, குழிவு வில்லை என எழுதுகின்றன. எம்முடையது என்பதற்காகவன்றி, பொருட்பொருத்தம் நோக்கியே பின்னைய வடிவம் சிறந்தது எனலாம். ஆடியில் ஒரு குழி இல்லை. ஆடியின் மேற்பரப்புக் குழிந்துள்ளது. பொருளுக்கும் தன்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் குழிவு என்னும் வடிவமே காக்கின்றது.

மேலும் இச்சொல் மக்கள் வழக்கோடு நெருங்கிய உறவுடையது. கன்னக்குழியும் பல்லாங்குழியும் அறியாத தமிழ்ச் சிறுவர் இலர். பழந்தமிழில் வளைவு குறித்த சொற்கள் ஏராளம்: வளைதல், கோடல், வணர்தல், வணங்கல், கூன் என விரியும். தொல்காப்பிய உரியியல் ‘தட’ என்னும் உரிச்சொல்லுக்குப் பெருமையோடு கோட்டம் என்னும் பொருளையும் கூறுகின்றது. ஆனால் இச்சொற்களுட் பெரும்பாலானவை வளைவு என்னும் அளவிலே நின்றுவிடுகின்றன. உள்வளைவா புறவளைவா என்று பிரிப்பதில்லை. பிறையைக் கூன்பிறை என்றனர். பிறையின் ஒரு விளிம்பு புறமாகவும் மற்றைய விளிம்பு உள்ளாகவும் வளைந்திருக்க, கூன் என்னும் சொல் இரண்டையும் ஒருங்கே தழுவியது. எனவே உள்வளைவுக்கு மட்டும் உரியதாக ஒரு சொல்லைத் தேடியோர் குழி என்னும் அடியைத் தேர்ந்தது பொருத்தமான தேர்வேயாகும்.

2

குழிவின் இடர் வேறோரிடத்தில் உள்ளது. குழிவு என்பது ஒரு பொருளின் நிறத்தையோ நிறையையோ போன்றதன்று. எப்பக்கத்தில் நின்று நோக்குகிறோம் என்பது தெரியாதவிடத்து அச்சொல்லுக்குப் பொருள் நிரம்புவதில்லை. ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டால் அதன் அகம் குழிவு, புறம் புடைப்பு. சிரட்டை குழிவானதா என்று கேட்டால் விடையில்லை. சிரட்டையின் எப்புறம் என்றே திருப்பிக் கேட்டல் வேண்டும். துலக்கிய கரண்டியின் உட்புறத்தில், சற்று எட்ட வைத்து முகம் பார்த்தால், தலைகீழான விம்பம் தோன்றும்; அதே கரண்டியின் முதுகில் நிமிர்ந்த சிறிய விம்பம் தோன்றும். கரண்டி ஒன்றே, ஆடி இரண்டு.

இந்நோக்குமிடத்தை ஒவ்வொரு துறையும் வெவ்வேறு விதமாகக் கொண்டுள்ளது. அதனை எமது பாடநூல்கள் வெளிப்படையாகச் சொல்வது அரிது. ஆடியைப் பொறுத்தவரை ஒளி வந்து தெறிக்கும் பக்கமே நோக்கும் பக்கம். மற்றைய பக்கம் கணக்கில் இல்லை. வில்லையைப் பொறுத்தவரை இரு மேற்பரப்புகளையும் கண்ணாடிக்கு வெளியே நின்று நோக்குகிறோம். கண்ணாடிக்கு உள்ளே நிற்கும் ஒருவன் இருப்பானாயின், நாம் குவிவு என்பதை அவன் குழிவு என்பான்.

புவியியலில் நிலைமை மேலும் சிக்கலானது. ஆறு வளைந்து செல்லுமிடத்தில் நீர் வேகமாக மோதி அரிக்கும் வெளிக்கரையைக் குழிவுக்கரை என்றும், மணல் படியும் உட்கரையைக் குவிவுக்கரை என்றும் கூறுவர். பேராதனையில் மகாவலியின் வளைவைக் கண்ட மாணவன் ஒருவனுக்கு இது புதிராகலாம். ஆறு வெளியே தள்ளிப் புடைத்து நிற்குமிடம் எவ்வாறு குழிவாகும்? அவன் ஆற்றை உருவாகக் கொண்டான். நூல் கரையை உருவாகக் கொண்டது. நீர் குடைந்த கரை குழிவுற்றது என்பது கரையின் பக்கத்து உண்மை. இரண்டும் ஒரே கோட்டைப் பற்றிய கூற்றுகளே.

கணிதத்தில், எல்லா அகக்கோணங்களும் 180 பாகையிற் குறைந்த பல்கோணியைக் குவிவுப் பல்கோணி என்றும், ஒரு பின்வளைகோணமேனும் உடையதைக் குழிவுப் பல்கோணி என்றும் வகுப்பர். இங்கு வளைவே இல்லை. பக்கங்கள் யாவும் நேர்கோடுகள். ஆயினும் உருவுக்குள் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு உருவை விட்டு வெளியேறக்கூடுமாயின் அவ்வுருவின் எல்லை எங்கோ உள்நோக்கி மடிந்திருக்கிறது என்பதே கருத்து. குழிவு என்னும் சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது. உயர்கணிதத்திலோ குவிவுச் சார்பு எனப்படுவதன் வரைபு, x இன் வர்க்கத்தினது வரைபைப் போன்று, மேல்நோக்கி வாய்திறந்த கிண்ணமாகும். கிண்ணத்தைக் கண்ட மாணவன் குழிவு என்கிறான். நூல் குவிவு என்கிறது. அவன் மேலிருந்து நோக்கினான். கணிதமோ வரைபுக்கு மேலுள்ள பிரதேசத்தை ஓர் உருவாகக் கொண்டு, அவ்வுரு குவிவானது என்பதால் சார்புக்கும் அப்பெயரை இட்டது. இவ்விளக்கம் ஒரு வாக்கியத்துள் அடங்குவது. அவ்வொரு வாக்கியம் இல்லாமையால் விளையும் குழப்பமோ பெரிது.

இவ்வகையிற் பொருளியலாரின் நடைமுறை பாராட்டற்குரியது. சமநோக்கு வளையி தொடக்கப் புள்ளிக்குக் குவிந்தது என்றும், உற்பத்திச் சாத்திய வளையி தொடக்கப் புள்ளிக்குக் குழிந்தது என்றும் அவர் எழுதுகின்றனர். நான்காம் வேற்றுமையின் ஓர் உருபைச் சேர்த்ததன் மூலம் நோக்குமிடத்தை அவர்கள் கூற்றினுள்ளேயே கொண்டுவந்துவிட்டனர். எதற்குக் குழிவு என்னும் வினாவுக்கு அங்கே விடை உண்டு. தமிழின் வேற்றுமையமைப்பு இதற்கு எளிதில் இடந்தருகிறது. பிற துறையினர் அதனைப் பயன்கொள்ளாமை மொழியின் குறையன்று.

நோக்குமிடம் பற்றிய இவ்வுணர்வு தமிழ்ப் பொதுவழக்கிற்குப் புதிதுமன்று. குடா என்னும் சொல் வளைவைக் குறிப்பது. கடல் நிலத்தினுள் வளைந்து புகுந்தவிடம் குடா. விரிகுடா, வளைகுடா என அதனை விரித்துரைக்கிறோம். நிலம் கடலினுள் நீண்டவிடத்தைத் தமிழ்நாட்டார் தீபகற்பம் என்ன, ஈழத்தவராகிய நாம் குடாநாடு என்கிறோம். நீர் நிலத்துட் புகுந்தாலும் நிலம் நீருட் புகுந்தாலும் ஒரே அடிச்சொல் நின்று, ‘நாடு’ என்னும் வருமொழிச் சேர்க்கையால் எது உரு, எது சூழல் என்பது தெளிவாக்கப்படுகிறது. மக்கள் வழக்கு செய்த இவ்வேலையைக் கலைச்சொற்றொகுதிகள் செய்யாது விட்டன.

3

இனிக் குவிவுக்கு வருவோம். குவிதல் என்பது பலவாக விரிந்து கிடப்பவை ஓரிடத்தை நோக்கி ஒன்றுகூடுதலைக் குறிக்கும். மலர் குவிகிறது, களத்தில் நெல் குவிகிறது, கூப்பிய கை குவிந்த கை எனப்படுகிறது. ஒன்றுகூடியதன் விளைவாக மொட்டும் நெற்குவியலும் புறத்தே புடைத்த வடிவத்தைப் பெறுகின்றன. எனவே குவி என்னும் அடியில் இரு பொருள்கள் உறைகின்றன: ஒன்றுகூடும் செயல் ஒன்று; அச்செயலால் விளையும் புடைத்த வடிவம் மற்றையது. அன்றாட வழக்கில் இவ்விரண்டும் பிரியா. ஒளியியலிலோ அவை பிரிந்தேயாக வேண்டும். ஏனெனில் அங்கு ஒன்றுகூடுவன கதிர்கள், புடைத்திருப்பது கண்ணாடி. கதிர்கள் கூடுமிடத்துக்குக் குவியம் என்று பெயரிட்டோம், அது செயற்பொருள். புடைத்த பரப்புக்குக் குவிவு என்று பெயரிட்டோம், அது வடிவப்பொருள். ஒரே பாடத்தில், ஒரே பக்கத்தில், ஒரே அடியை இரு பொருளில் நிறுத்தினோம்.

ஒரு சிறு சான்று இதனைத் தெளிவாக்கும். தண்ணீர் ஏந்த வரும் பிள்ளையிடம் கையைக் குவித்துப் பிடி என்பாரும் உளர், கையைக் குழித்துப் பிடி என்பாரும் உளர். இருவரும் ஒரே செயலையே சொல்கின்றனர். விரல்கள் கூடுவதை ஒருவர் கண்டார். உள்ளங்கை தாழ்வதை மற்றவர் கண்டார். அன்றாடத் தமிழில் குவித்தலும் குழித்தலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சொற்கள் அல்ல. பெரும்பாலும் ஒரு செயலின் இரு முகங்கள். எதிர்ச்சொற்களாக அவற்றை நிறுத்தியது கலைச்சொற்றொகுதியே. ஒலியும் இக்குழப்பத்துக்குத் துணைபோகிறது. ஓரெழுத்தே வேறுபடும் இவ்விரு சொற்களையும் பின்வரிசையில் இருக்கும் மாணவன் பிரித்துக் கேட்பது எளிதன்று.

வடிவப்பெயர் செயலை உணர்த்தாது என்பதற்குப் பௌதிகவியலே வேறு சான்றுகளும் தருகிறது. மூக்குக்கண்ணாடி வில்லைகளிற் பல ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்தும் இருப்பன. நடுப்பகுதி தடித்ததாயின் அது கதிர்களை ஒருங்கச் செய்யும். விளிம்பு தடித்ததாயின் விரியச் செய்யும். குறும்பார்வைக்கு அணிவது இரண்டாம் வகை. அவ்வில்லையின் முன்பக்கத்தைக் கண்டு குவிவு எனப் பெயரிட்டவன் பிழைபடுவான். நீரினுள்ளே அமைந்த காற்று வில்லையொன்று இருபுறமும் புடைத்ததாயினும் கதிர்களை விரிக்கவே செய்யும். ஆகவே வடிவத்துக்கு ஒரு சொல்லும் செயலுக்கு வேறொரு சொல்லும் இருத்தல் ஆடம்பரமன்று. பாடத்தின் அடிப்படைத் தேவை.

4

இக்குழப்பத்தைக் காட்டி, தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க இயலாது என்று கூறுவோர் எக்காலத்தும் இருந்துள்ளனர். 2001ஆம் ஆண்டு தொடக்கம் எமது பாடசாலைகளில் ஆங்கிலமொழிமூலக் கல்விக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டதன் பின்னர் இக்குரல் வலுப்பெற்றுள்ளது. இதற்கு விடை கூறாது விடுதல் முறையன்று.

ஆங்கிலம் ஆளும் இரு சொற்களும் இலத்தீனிலிருந்து வந்தவை. உள்வளைவைக் குறிக்கும் சொல்லின் அடி வெறுமையான உட்குடைவைக் குறிப்பது. குகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வடியிலிருந்தே பிறந்தது. ஆங்கிலேயச் சிறுவரும் இரு சொற்களையும் மாற்றிச் சொல்லுவதால், குகையை நினைவிற்கொள் என்று ஆசிரியர் சொல்லிக்கொடுப்பர். அவர்களுக்கு நினைவுக் குறிப்பாக வேண்டியிருப்பது எமக்குச் சொல்லின் முகத்திலேயே உளது. சிங்கள நூல்கள் அவதல, உத்தல என்னும் வடசொற்களை ஆள்கின்றன; இந்தி நூல்களும் அவ்வாறே. தளம் கீழ்நோக்கியது, தளம் மேல்நோக்கியது என்பது அவற்றின் பொருள். பரப்பைப் பற்றியே பேசுகிறோம் என்பதைச் சொல்லினுள் வைத்திருப்பது அவற்றின் சிறப்பு. ஆயினும் கிராமத்துச் சிங்களச் சிறுவனுக்கு அவை வெறும் ஒலிகள், மனனத்தாலன்றி வசப்படா.

பொருள் விளங்காத சொல் வெற்றுப் பாத்திரம் போன்றது. ஆசிரியர் ஊற்றியதே அதில் இருக்கும். பொருள் விளங்கும் சொல்லோ வீட்டிலும் வயலிலும் பெற்ற பொருள்களையெல்லாம் சுமந்துகொண்டே வகுப்பறைக்குள் வருகிறது. தமிழ்க் கலைச்சொல்லின் பலமும் இதுவே, இடரும் இதுவே. இவ்விடரை நீக்கும் வழி அச்சுமையைப் பிரித்துப் பார்ப்பது, சொல்லையே துறப்பதன்று. மேலும், ஆங்கிலமொழிமூலம் தீர்வென்று கூறுவோர், அத்தீர்வு யாருக்கு எட்டும் என்பதைக் கூறுவதில்லை. நகர்ப்புறப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் உளர். வன்னியிலும் மலையகத் தோட்டப்புறங்களிலும் படுவான்கரையிலும் உள்ள மாணவனுக்குத் தமிழ்ப் பாடநூலே விஞ்ஞானத்துக்கான வாயில். அவ்வாயிலில் ஒரு சொல் இடறுமாயின் அதனைச் செப்பஞ்செய்வதே சனநாயகக் கல்வியில் நம்பிக்கையுடையோர் கடன்.

5

இவ்விடறல் எவ்வாறு நேர்ந்தது? வரலாற்றை நோக்கின் விடை கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், தம் மாணவருடன் கூடியே மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அங்கே சொல்லாக்கமும் கற்பித்தலும் ஓரிடத்தில் நிகழ்ந்தன. விளங்காத சொல் மறுநாள் வகுப்பிலேயே வெளிப்பட்டுவிடும். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டபொழுதும், 1950களிலும் 1960களிலும் எமது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டபொழுதும் நிலைமை வேறு. சுயமொழிக் கல்வி விரைந்து பரவிய காலத்தில், ஆங்கில அகரவரிசையில் நின்ற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு தமிழ்ச்சொல் வேண்டப்பட்டது. அப்பணியின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அச்சொற்றொகுதிகள் இன்றேல் தமிழில் உயர்தர விஞ்ஞானக் கல்வியே நடந்திராது. ஆயினும் சொல்லுக்குச் சொல் நேர்காணும் முறையில், சொற்கள் தம்முள் கொள்ளும் உறவு நோக்கப்படுவதில்லை. குவிதலும் குவிவும் குவியமும் தனித்தனியே சரியானவை. ஒரே பாடத்தில் சேர்ந்தபொழுதே இடறின. சேர்ந்து வழங்குமிடம் வகுப்பறை. வகுப்பறையிலிருந்து சொற்றொகுதிக்குத் திரும்பிச் செல்லும் வழி எதுவும் அமைக்கப்படவில்லை.

6

நாம் வேண்டுவது சொற்புரட்சியன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக வழங்கும் சொல்லை ஒரு கட்டுரையால் மாற்றிவிட இயலாது. மாற்ற முனைவது, பழைய நூல் கற்ற ஆசிரியருக்கும் புதிய நூல் கற்கும் மாணவனுக்கும் இடையே புதியதொரு குழப்பத்தையே விளைக்கும். எனவே எமது கருத்துகளை மூன்றாக வரையறுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, குழிவு என்னும் சொல் அவ்வாறே நிலைபெறல் வேண்டும். அது வடிவத்தை மட்டுமே குறிப்பது. செயற்பொருள் அதிற் கலக்கவில்லை. ஆனால் அதனை ஆளும் ஒவ்வொரு துறையும் எப்பக்கத்திலிருந்து என்பதை வரைவிலக்கணத்திலேயே கூறுதல் வேண்டும். பொருளியலார் காட்டிய வேற்றுமையுருபு இதற்குப் போதும்.

இரண்டாவது, குவி என்னும் அடி குவியம் என்பதில் ஆழ வேரூன்றியுள்ளது. அதனைக் கதிர்களுக்கே விட்டுவிட்டு, புடைத்த பரப்பைக் கற்பிக்கும்பொழுது புடைப்பு என்னும் சொல்லால் முதலில் விளக்கி, அதன்பின் குவிவு என்னும் வழக்குச்சொல்லை அறிமுகம் செய்தல் தகும். புடைப்புக்குக் குழிவுபோலவே மக்கள் வழக்குண்டு. அது குழிவுக்கு ஐயமற்ற எதிர்ச்சொல்லுமாகும். காலப்போக்கில் எச்சொல் நிலைக்கும் என்பதை வழக்கே தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது, வில்லையை அதன் செயலால் குறிக்க வேண்டியவிடத்து ஒருங்கச் செய்யும் வில்லை, விரியச் செய்யும் வில்லை எனக் கூறுதலே தெளிவு. வடிவப்பெயரைச் செயற்பெயராக ஆளும் வழக்கம் கைவிடற்பாலது.

இவற்றை நிறைவேற்றப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. ஒளியியற் பாடத்தின் முதல் நாளில் ஆசிரியர் ஒரு சிரட்டையையும் ஒரு கரண்டியையும் மேசைமீது வைத்து, இதன் எப்புறம் குழிவு என்று கேட்பாராயின் பாதி இடர் அன்றே தீரும். எஞ்சிய பாதி, பாடநூல் எழுதுவோரும் சொற்றொகுதி திருத்துவோரும் அவ்வகுப்பறையின் விடைகளைக் கேட்கத் தலைப்படுவதில் தங்கியுள்ளது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதுகாறும் கலைச்சொற்களின் தூய்மை பற்றிப் பேசியுள்ளன. விஞ்ஞான பீடங்களோடும் பாடசாலை ஆசிரியர்களோடும் கூடியமர்ந்து அவற்றின் பயன்பாட்டை ஆராய்வதை இனியேனும் தம் பணியாகக் கொள்ளுதல் வேண்டும்.